ஐந்தரை மணி நேரப் பிசகு

நீங்கள் வரவழைத்துக் கொடுத்த காபி நன்றாக இருந்தது, மேடம். போலீஸ் விசாரணைக்கு வருகிறவனுக்கு டம்ளர் டபராவில் காபி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பேப்பர் கப்பில் குடித்தால் எனக்கு அன்று முழுவதும் நாக்கு சரியாக இருக்காது. ஐம்பத்தாறு வயதாகிறது, இனி எந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்வது.

கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் வெள்ளைச்சாமி இறந்ததிலிருந்து ஆரம்பித்தால் என்னைத் தப்பாகப் புரிந்துகொள்வீர்கள். முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

மயிலாப்பூரில், லஸ் முனைக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக்கடை மாடியில் இரண்டு அறைகள். ஒன்றில் நான், இன்னொன்றில் சிந்து என்ற பெண். அதுதான் என் கம்பெனி. சின்ன நர்ஸிங் ஹோம்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறோம். பெரிய ஆஸ்பத்திரிகள் எங்களைத் திரும்பிப் பார்க்காது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

கோபாலபுரத்தில் டாக்டர் ராமானுஜத்தின் நர்ஸிங் ஹோமுக்கு இரண்டாயிரத்துப் பதினாறில் எழுதிக் கொடுத்தேன். பதினெட்டுப் படுக்கைகள். நோயாளிக்கு மருந்து கொடுத்ததும் நர்ஸ் டேப்லெட்டில் ஒரு டிக் அடிப்பாள், நேரம் தானாகப் பதிவாகிவிடும். ஊசிகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு ஏற்பாடு. டேப்லெட்டின் கடிகாரப்படி போட வேண்டிய ஊசி பதிவாகாமல் இருந்தால் நோயாளியின் பெயர் சிவப்பாக நிற்கும். டாக்டருக்கு அந்தச் சிவப்பு மிகவும் பிடித்துவிட்டது. கால் மணி நேரத்துக்கு மேல் சிவப்பு நின்றால் நர்ஸுக்கு மெமோ என்று சட்டமே போட்டுவிட்டார். அதுவரை ஷிஃப்ட் மாறும்போது ஒரு நர்ஸ் இன்னொருத்தியிடம் படுக்கை படுக்கையாக நின்று வாயால் ஒப்பித்துவிட்டுப் போவாள். என் மென்பொருள் வந்த பிறகு அந்த வழக்கம் நின்றுபோனது. திரையில்தான் எல்லாம் இருக்கிறதே.

நேரத்தைப் பதிந்து வைக்க நான் பயன்படுத்திய தரவுத்தளத்தில் இரண்டு வகைகள் உண்டு. ஒன்றுக்கு டைம்ஸ்டாம்ப் என்று பெயர். அது எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்தில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவரின் ஊருக்குத் தக்கபடி மாற்றிக் காட்டும். இன்னொன்று டேட்டைம். பன்னிரண்டு ஐம்பது என்று கொடுத்தால் பன்னிரண்டு ஐம்பது என்றுதான் வைத்துக்கொள்ளும். எந்த ஊர்ப் பன்னிரண்டு ஐம்பது என்று அதற்குத் தெரியாது. நான் டேட்டைமைத் தேர்ந்தெடுத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்த முடிவு இல்லை, மேடம். அந்த டைம்ஸ்டாம்ப் வகை இரண்டாயிரத்து முப்பத்தெட்டாம் வருஷம் ஜனவரி பத்தொன்பதாம் தேதிவரைதான் எண்ணும். அதற்குப் பிறகு நேரம் சொல்ல அதற்குத் தெரியாது. முப்பத்தெட்டில் ஏதோ ஒரு நோயாளிக்கு என்னால் மருந்து தவறிவிடக் கூடாது என்று இருபத்திரண்டு வருஷம் முன்னாலேயே யோசித்தவன் நான். எங்கள் தொழிலில் அத்தனை தூரம் பார்க்கிறவர்கள் குறைவு. தவிர, கோபாலபுரம் நர்ஸிங் ஹோம் எழுந்து லண்டனுக்கா நடந்து போகப்போகிறது என்று அப்போது சிந்துவிடம் சொல்லிச் சிரித்தேன்.

நர்ஸிங் ஹோம் போகவில்லை, சர்வர் போனது. மாடிப்படிக்கு அடியில் பினாயில் டின்களுக்கு நடுவே எட்டு வருஷம் ஓடிய பழைய கம்ப்யூட்டர் போன வருஷம் மழைத் தண்ணீரில் படுத்துவிட்டது. உலர்த்தி ஓடவைத்தோம், ஆனால் அதை நம்ப முடியவில்லை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் வாடகை சர்வருக்கு எல்லாவற்றையும் மாற்றுவது என்று முடிவாயிற்று. அந்த சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடும். நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்.

சிந்து முதல் நாளே சொன்னாள். "சார், டேட்டைம் எல்லாத்தையும் இப்பவே டைம்ஸ்டாம்பா மாத்திடலாம் சார். இல்லன்னா புதுசா ஏறுற நேரமெல்லாம் அஞ்சரை மணி நேரம் அடி வாங்கும். வரிசையே மாறிடும்."

அவள் சொன்னது சரி. ஆனால் எட்டு வருஷத்துக்கு முன் நான் தேர்ந்தெடுத்தது தப்பு என்று நான்கு நாள் உட்கார்ந்து நானே திருத்துவதற்கு மனது ஒப்பவில்லை. சர்வருக்கு இந்திய நேரம் என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு மறுபடி ஓடவிட்டால் போதும், பத்து நிமிஷ வேலை என்றேன். அவள் தான் சொன்னதை ஒரு மின்னஞ்சலிலும் எழுதி அனுப்பினாள். உங்கள் கையில் இருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். நல்ல பெண். கொஞ்சம் அவசரக்காரி.

மாற்றுவதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணி என்று குறித்திருந்தோம். அப்போது ஊசி, மருந்து எதுவும் இருக்காது. ஞாயிறு வேலை என்பதால் சிந்துவுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்துவிட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் டாக்டர் ராமானுஜம் போன் செய்தார்.

"ராஜகோபாலன், ஞாயித்துக்கிழமை கரிநாளாம். ஆத்துல காலண்டரைப் பார்த்துட்டுச் சொன்னா. நாளைக்கு ராகு காலம் முடிஞ்சவுடனே வெச்சுண்டுடலாம்."

வெள்ளிக்கிழமை ராகு காலம் பன்னிரண்டு மணிக்கு முடியும். நர்ஸிங் ஹோமில் ஊசியும் சாப்பாடும் நடக்கிற நேரம் அது. முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் என் மனைவிக்குப் பதினொரு வருஷமாகச் சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கிறவர். ஒரு கரிநாளுக்காக அவரிடம் எப்படி வாதாடுவது, நீங்களே சொல்லுங்கள்.

பன்னிரண்டு ஐந்துக்கு என் மடிக்கணினிக்கு மஞ்சள் பிள்ளையார் வைத்து, சூடம் காட்டி, டாக்டரே தேங்காய் உடைத்தார். இரண்டும் சம பாதியாக, வெள்ளை வெளேரென்று விழுந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். டாக்டர் என் விரலைப் பிடிக்காத குறையாக, அழுத்துங்கோ, அழுத்துங்கோ என்றார். அழுத்தினேன். புது சர்வர் ஓட ஆரம்பித்தது.

அந்த ஒரு வரியை நான் மறந்துவிட்டேன் என்று நேற்றுப் போனில் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. தேங்காய் உடைகிற சத்தத்தோடேயே ஞாபகம் வந்துவிட்டது. ஆனால் அந்த வரியை எழுதினால் சர்வரை ஒருமுறை நிறுத்தித் திரும்ப ஓடவிட வேண்டும். தேங்காய் உடைத்த கையோடு, கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன் என்று எப்படிச் சொல்வது. அபசகுனம் என்று டாக்டர் முகம் சுருங்கிப்போயிருக்கும். ஆபீசுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, அங்கிருந்தே சத்தம் போடாமல் போட்டுவிடலாம் என்று இருந்துவிட்டேன். தொன்னையில் கேசரி கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

இனிமேல் நடந்ததில் என் பங்கு குறைவு. நேரம்தான் நடத்தியது.

ஏழாம் நம்பர் அறையில் வெள்ளைச்சாமி என்று ஒரு பெரியவர் இருந்தார். தி.நகரில் ஜவுளிக்கடை, சொந்த ஊர் தெற்கே. காய்ச்சலோடு சர்க்கரையும் ஏறிச் சேர்ந்திருந்தார். அந்தத் தளத்தில் மதிய இன்சுலின் அவர் ஒருவருக்குத்தான். காலை ஏழரைக்கு ஒரு ஊசி போட்டிருந்தார்கள். மதியம் பன்னிரண்டு ஐம்பதுக்குக் காலை நர்ஸ் அடுத்த ஊசியைப் போட்டு டிக் அடித்தாள். புது சர்வர் அதைக் காலை ஏழு இருபது என்று பதிந்துகொண்டது. அதாவது மதியம் போட்ட ஊசி, காலையில் போட்ட ஊசிக்கும் பத்து நிமிஷம் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. கடைசி ஊசி காலை ஏழரை, மதிய ஊசி பாக்கி என்று திரையில் அவர் பெயர் சிவப்பாகவே நின்றது. காலை நர்ஸ் அதைக் கவனித்திருப்பாள். புதுசு, மெதுவாக ஓடுகிறது என்று விட்டிருப்பாள். பின்னால் அதைச் சொன்னால் தன் தலையும் உருளும் என்று வாயைத் திறக்கவில்லை. பயந்த பெண், நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டு மணிக்கு தபஸ்ஸும் என்ற நர்ஸ் டியூட்டிக்கு வந்தாள். இருபத்தாறு வயது, சிந்தாதிரிப்பேட்டைப் பெண். சிவப்பைப் பார்த்ததும் அவள் உடனே ஊசியை எடுத்துவிடவில்லை. அதை நான் ஒப்புக்கொண்டாக வேண்டும். காலை நர்ஸுக்குப் போன் செய்தாள், அவள் பஸ்ஸில் இருந்ததால் எடுக்கவில்லை. பெரியவரை எழுப்பி, ஊசி போட்டார்களா என்று கேட்டாள். அவர் காய்ச்சல் அசதியில், "காலையில போட்டாக தாயி" என்றாராம். இரண்டேகாலுக்குப் போட்டாள். மதியச் சாப்பாட்டில் அவர் நான்கு வாய்தான் சாப்பிட்டிருந்தார்.

இரண்டு இருபத்தைந்துக்கு என் ஆபீஸ் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"சார், கோபாலபுரத்துலருந்து தபஸ்ஸும் பேசறேன். ஏழாம் நம்பர் பெரியவருக்கு மத்தியான ஊசி பாக்கின்னு செவப்பா இருந்திச்சு. போட்டு டிக்கும் அடிச்சிட்டேன். இன்னும் செவப்பு போவாம அப்படியே கீது சார். மேட்ரன் பாத்தா மெமோ குடுத்துடுவாங்க."

"பத்து நிமிஷத்துல போயிடும்மா. நீ வேற வேலையைப் பாரு" என்றேன்.

அவள் தேங்க்ஸ் சொல்லி வைத்துவிட்டாள். நான் தயிர்சாத டப்பாவை மூடி வைத்துவிட்டு, பதிவுகளைத் திறந்தேன். ஏழு இருபது, எட்டு நாற்பத்தைந்து. இரண்டோடும் ஐந்தரையைக் கூட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பது, இரண்டேகால். ஒரே ஆளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் இரண்டு ஊசி. புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பயந்துபோனேன், மேடம். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று தெரியாதவனும் இல்லை. என் மனைவிக்குச் சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும் என்று பதினொரு வருஷமாகப் பார்க்கிறேன். வெளியே போனால் என் சட்டைப்பையில் எப்போதும் கல்கண்டு இருக்கும். ஆஸ்பத்திரியில் என்றால் ஒரு குளுக்கோஸ் ஏற்றினால் போதும். போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தபஸ்ஸும் அப்போதுதான் பேசி வைத்திருந்தாள், அந்தப் பக்கம் போனுக்குப் பக்கத்திலேயே நின்றிருப்பாள்.

ஆனால் தரவு தப்பாக இருக்கும்போது போன் செய்து என்ன சொல்வது. இரண்டு ஊசி என்று நான் சொல்வேன். டாக்டர் திரையைப் பார்ப்பார். அங்கே வேறு நேரம் இருக்கும். எது சரி என்று கேட்பார், குழப்பம்தான் மிஞ்சும். முதலில் நேரத்தைச் சரி செய்துவிட்டுப் பிறகு பேசுவதுதான் முறை என்று எனக்குப் பட்டது.

எதைத் தொட்டாலும் முதலில் ஒரு நகல் எடுத்து வைப்பது என் வழக்கம். எடுத்து வைத்தேன். சர்வருக்கு இந்திய நேரத்தைப் போட்டேன். பன்னிரண்டு ஐந்துக்குப் பிறகு ஏறின பதிவுகள் மொத்தம் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றோடும் ஐந்தரை மணி நேரம் கூட்டினேன். காய்ச்சல், ரத்த அழுத்தம், மாத்திரை, எதையும் விடவில்லை. இரண்டு தடவை சரிபார்த்தேன். மூன்று பத்துக்கு முடிந்தது. சிவப்பு போய்விட்டது.

அதற்குப் பிறகு போன் செய்யவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். இப்போது திரையில் பன்னிரண்டு ஐம்பது, இரண்டேகால் என்று இரண்டு ஊசியும் சரியான நேரத்தோடு நிற்கிறது. யார் பார்த்தாலும் புரியும். யாராவது பார்ப்பார்கள் என்று இருந்தேன். ஆனால் சிவப்பு போன வரியை ஆஸ்பத்திரியில் யாரும் திரும்பப் பார்ப்பதில்லை. சிவப்பு என்ற ஏற்பாடே அதற்காக நான் செய்ததுதான். மூன்றரைக்கு இது எனக்கு ஞாபகம் வந்தது. நான்கு மணிக்கும் வந்தது. அதற்குள் மிகவும் தாமதமாகியிருக்கும், இனிமேல் சொன்னால் இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்றல்லவா கேட்பார்கள் என்று தோன்றியது. நேரம் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. அது என் கையில் இல்லை.

நாலரைக்கு வெள்ளைச்சாமியின் மனைவி பேச்சியம்மாள் பிளாஸ்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தார். தலையணை முழுவதும் வேர்வை, தொட்டால் ஜில்லென்று இருக்கிறது, எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. முதலில் பக்கவாதம் என்று நினைத்துவிட்டார்கள். சர்க்கரையைப் பார்க்க ஐந்து மணி தாண்டிவிட்டது. மறுநாள் காலை இறந்துபோனார். இரண்டரை மணியிலிருந்து நாலரை மணிவரை, அவருக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று இந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அந்த இரண்டு மணி நேரத்தை நான் மறைக்க விரும்பவில்லை.

திரையைப் பார்த்துத்தான் போட்டேன், சிவப்பாக இருந்தது என்று தபஸ்ஸும் எல்லோரிடமும் சொன்னாள். பதிவில் பன்னிரண்டு ஐம்பது என்று ஊசி தெளிவாக இருந்தது. டாக்டர் அவளைப் பார்த்து, கண் தெரியலையாம்மா என்று கேட்டாராம். அவள்மேல் போலீசில் வழக்குப் போட்டார்கள். அவளுடைய நர்ஸ் பதிவை நிறுத்தி வைத்தார்கள். ஆபீசுக்குப் போன் செய்தேன் என்று அவள் சொன்னதைப் பற்றி என்னைக் கேட்டார்கள். செய்தாள், சிவப்பை எப்படிப் போக்குவது என்று கேட்டாள் என்று சொன்னேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது.

இரண்டு மாதம் கழித்து அவளும் அவள் அப்பா காதரும் என் ஆபீசுக்கு வந்தார்கள். அவர் சிந்தாதிரிப்பேட்டையில் சோபாவுக்கு ரெக்சின் தைக்கிறவர். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எம் பொண்ணு கண்ணால பாத்ததத்தான் சொல்றா சார்" என்றார் காதர். "அன்னிக்கு ரெண்டேகாலுக்கு ஸ்கிரீன்ல இன்னா இருந்திச்சோ, அத்த அப்படியே ஒரு பேப்பர்ல போட்டுக் குடுங்க. அது போதும்னு வக்கீல் சொல்றாரு."

தபஸ்ஸும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "செவப்பா இருந்திச்சே சார். நான் போன் பண்ணேனே, உங்களுக்கு ஞாபகம் கீதா?"

"போன் பண்ணினது ஞாபகம் இருக்கும்மா. ரெகார்டுல என்ன இருக்கோ அதை நான் தரேன்" என்றேன்.

நகல் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது. அவள் கேட்டது அதைத்தான். ஆனால் அது தப்பான நேரம் உள்ள பதிவு, மேடம். ஒரு கம்பெனியின் முத்திரை குத்தித் தப்பான நேரத்தைக் கொடுக்க முடியுமா. திருத்திய பதிவைப் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, கோர்ட்டுக்குப் போகிற காகிதம் ஒட்டித்தான் தர வேண்டும் என்று சொல்லி, கவரை ஒட்டிக் கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நீங்க நல்லா இருக்கணும் சார் என்றாள். அவளே கொண்டுபோய் நர்ஸ் கவுன்சில் விசாரணையில் கொடுத்தாள். நம்பிக்கையில் வக்கீலும் பிரித்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அவர்கள் பிரித்துப் படித்துவிட்டு, உன் சாட்சியே உன்னைப் பொய் என்கிறதே என்று சொல்லி அவளுடைய நர்ஸ் பதிவையே ரத்து செய்துவிட்டார்கள். கேள்விப்பட்டபோது எனக்கு மிகவும் பரிதாபமாக இருந்தது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

சிந்து வேலையை விட்டுப் போனது அதற்குப் பிறகுதான். நகல் ஒன்று இருக்கிறது என்று அவள்தான் உங்களுக்கு எழுதியிருக்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் நீங்கள் போனில் சொன்னதை நான் அட்சரம் விடாமல் கேட்டுக்கொண்டேன். அடுத்த வாரம் தீர்ப்பு, அந்த நகல் வந்தால் அந்தப் பெண் ஜெயிலுக்குப் போக வேண்டியதில்லை, அது இல்லாமல் யார் வாயால் என்ன சொன்னாலும் நிற்காது என்றீர்கள். காலை ஒன்பதரைக்கே ஆபீசைத் திறந்து அதை எடுத்துப் பார்த்தேன். மதியம் போட்ட ஊசிக்குக் காலை ஏழு இருபது என்று இருந்தது. நாற்பத்தொரு பதிவும் அப்படித்தான், ஒன்றுகூடச் சரியில்லை. இப்படி ஒன்றை நான் செய்த வேலை என்று கோர்ட்டில் வைத்துப் பத்துப் பேர் பார்ப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதனால் அழித்துவிட்டேன். வெறுங்கையோடு வரவில்லை, மேடம். எல்லா நேரமும் சரியாக இருக்கிற பிரிண்ட் ஒன்று உங்களுக்காக எடுத்து வந்திருக்கிறேன். பாருங்கள், ஒரு நிமிஷம்கூடப் பிசகியிருக்காது.